லயத்துக்குப் பின்னால் ஒரு வெடிப்பு

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் தொலைபேசி எடுபடவில்லை. தோட்டத்துக்கு வரும் நிவாரண லொறிச் சாரதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கொரோனாவால் கல்லூரி மூடியதிலிருந்து விருந்தினர் உரைகளை ஸூமில் நடத்துகிறேன் அல்லவா? இன்று பேசியவர் மண்சரிவு ஆய்வாளர். முடிவில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் என் மாணவி ஜெசிந்தினி கேட்டாள்: "சேர், எங்க லயத்துக்குப் பின்னாடி தரை வெடிச்சிருக்கு. கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுது."

தொலைபேசியைத் திருப்பிக் காட்டச் சொன்னார். பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "பிள்ளை, எல்லாரையும் கூட்டிக்கொண்டு இப்பவே வெளிக்கிடுங்கோ."

"போக முடியாதுங்க சேர். லயத்தையே தனிமைப்படுத்தியிருக்காங்க. கேட்டுல பொலிஸ் நிக்குது."

அதை மூடியது சுகாதாரப் பரிசோதகரான என் கணவர் என்று நான் அங்கே சொல்லவில்லை. தொற்று இருந்தது, மூடினீர்கள். அதில் பிழையில்லை.

"எல்லாரும் எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ. பொலிஸ் கேட்டால் டீச்சர் சொன்னதெண்டு சொல்லுங்கோ" என்றேன். பாதியில் இணைப்பு அறுந்தது. அவளுக்குக் கேட்டதோ தெரியாது. பிறகு எத்தனையோ தடவை அழைத்தும் பதிலில்லை.

இங்கே பதுளையில் மழை விடவில்லை. மத்தியானத்திலிருந்து தோட்டம் இருக்கும் நமுனுகுல மலையே தெரியவில்லை.

லயத்துச் சனங்கள் கேட்டடிக்கு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். இன்னும் வராவிட்டால், நீங்களே உள்ளே போய்க் கூட்டி வாருங்கள்.

உங்கள் மனைவி