தனிக்குடித்தனம் போன கேலக்ஸி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

கேலக்ஸிகளிலும், அதாவது நட்சத்திர மண்டலங்களிலும், கூட்டுக்குடும்பம் உண்டு. நெரிசலில் இருப்பவைதான் பெரும்பாலும் பிரகாசமானவை; தனிக்குடித்தனம் போனவை மங்கல். நானோ தனியாக ஜொலிக்கும் ஒன்றைப் பிடித்துவிட்டேன்! என் ஆராய்ச்சியே அதை நம்பித்தான் இருக்கிறது.

பேராசிரியர் தொலைநோக்கிப் படத்தைப் பார்த்தார். "ஏம்மா, இது படத்தோட ஓரத்துல இருக்கு. சொந்தக்காரங்க பூரா ஃப்ரேமுக்கு வெளிய நிப்பாங்க!"

உடனே அதே இடத்தின் அகலமான படம் வாங்கிப் பார்த்தோம். வெளியிலும் ஒருவருமில்லை! "எழுதும்மா, பேப்பர் உன் பேர்லதான்" என்றார். நான் நாற்காலியோடு குதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் பேசக்கூட வேண்டாம். போனை அணைக்காமல் சமையலறையில் வைத்துவிட்டு, சித்தியோடு வழக்கம்போல் சண்டை போடுங்கள்; என் தனி அறையில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேராசிரியர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்