மங்கம்மா கேட்ட பட்டை

ராயபுரம்,
12-8-1955

பிரியமுள்ள தேவகிருபைக்கு,

கர்த்தர் தயவில் சுகமாயிருக்கிறேன். நீயும் அம்மாவும் சுகந்தானே?

என்னிடம் வைத்தியத்துக்கு வந்த கருவாட்டுக்கார மங்கம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளந்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தேன். மறுநாளே மாத்திரையைத் திருப்பித் தந்து கையை நீட்டினாள்.

"இது வாணாம் நைனா. அந்தப் பட்டையே கட்டு. யாரோ கைய கெட்டியா புட்ச்சிகினு கீற மாரி கீது."

அது வைத்தியமல்ல என்றால் கேட்கவில்லை. இன்று தெருப் பெண்களையும் கூட்டி வந்துவிட்டாள். மங்கம்மா என் எதிரில் மாத்திரையை விழுங்கினால்தான் பட்டை என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

சுக்கும் கருப்பட்டியும் அனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுது.

வெளியே கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். ஆளில்லாத வேளையில் நானும் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். மங்கம்மா சொன்னது மெய்தான்.

உன்,
ஞானதாசன்