தொண்ணூத்தஞ்சுல நிக்குது

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே கொதிக்குது. ஆபீஸ் ஏ.சி. மறுபடி அவுட். எண்ணூர் பக்கத்துக் காத்து, மூக்கெல்லாம் எரிச்சல்.

இன்னிக்கும் கண்டெய்னர் யார்டு கேட்டுல சண்டை. நான் எழுதின கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் ஓடி முடிச்சாத்தான் கேட் பாஸ் வரும். பாஸ் வந்தாத்தான் ட்ரெய்லர் உள்ள வரும். ஓடுற வரைக்கும் வெறும் கறுப்புத் திரை. ஒரு எழுத்து கிடையாது. உசுரோட இருக்கா செத்துப்போச்சான்னு ஒருத்தருக்கும் தெரியாது. வெளிய மெயின் ரோடு வரைக்கும் வண்டி. கேட் கிளார்க் குமார் பொறுமை இல்லாம ப்ரோக்ராமையே மூடித் தொலைச்சிருக்கான். மறுபடி முதல்லேர்ந்து. "தொங்கிட்ச்சுன்னு நெனச்சேன்க்கா." நெனப்ப. நல்லா நெனப்ப.

பழி என் தலையில. மேனேஜர் (இனிமே மே. தான், முழுசா எழுதக் கை கூசுது) எல்லார் எதிர்லயும்: "உன் ப்ரோக்ராம் ரொம்ப ஸ்லோம்மா. இந்தத் தடவை உன் காண்ட்ராக்டை நீட்டிக்க நான் என்னன்னு எழுதுறது?" ரெண்டு வருஷமா இதே மிரட்டல்.

அண்ணனும் அந்த லைன்ல நிக்கிறவன்தான், ட்ரெய்லர் டிரைவர். ராத்திரி சோத்துல கை வச்சுக்கினே: "உன் தங்கச்சி சிஸ்டம்தானடான்னு பசங்க என்னைப் போட்டு ஓட்றானுங்க பாப்பா. ரொம்ப பேஜாரா கீது."

நாளைக்கு ப்ரோக்ரஸ் பார் போட்டுடணும். எவ்ளோ முடிஞ்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா இந்தக் கத்தல் அடங்கும்.

வாங்க: து. பருப்பு, சோப்பு, அண்ணனுக்கு சுகர் ஊசி.

ஜூன் 10, செவ்வாய்

மேகம். மழை வர்ற மாதிரி போக்கு காட்டிட்டுப் போயிடுச்சு.

பார் போட்டாச்சு. ஒரே வரியை அழிச்சு அழிச்சு எழுதணும், கீழ இறங்கக் கூடாது. முதல்ல இறங்கித் தொலைச்சது, திரை பூரா ஒரு பர்சன்ட் ரெண்டு பர்சன்ட்னு படிக்கட்டு. அப்புறம் சரி பண்ணிட்டேன். அழகா நகருது. எனக்கே சந்தோஷம்.

பத்து, நாப்பது, எழுவது, தொண்ணூத்தஞ்சு. விறுவிறுன்னு. அப்புறம் அங்கியே நின்னுடுச்சு.

எங்க மாட்டுதுன்னு தேடினேன். எங்கியும் மாட்டல. கண்டெய்னர் லிஸ்ட் சரிபார்த்தாச்சு, பாஸ் ரெடி. கடைசியா மே. அவர் கம்ப்யூட்டர்ல 'ஓகே' அழுத்தணும். அதுக்குத்தான் காத்திருக்கு. ஒரு நொடி வேலைன்னு அதை நான் கணக்குலயே எடுக்கல. எட்டிப் பார்த்தேன். போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கார். அப்புறம் டீ. அப்புறம் சாப்பாடு. நான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்.

என் வேலை கால் மணி நேரம். மிச்சம் பூரா இந்த ஆளோட விரல். ரெண்டு வருஷமா ஸ்லோ ஸ்லோன்னு என்னைத் திட்டினது இவர்!

நேரா போய்க் காட்டினேன். சிரிக்கிறார். "இதை இப்படிக் காட்டாதம்மா. நான் ஓகே கொடுக்கிற நேரத்துக்குத் தகுந்த மாதிரி மெதுவா நகரட்டும். கேட்டுல ஒரு டி.வி. வச்சிடறேன். டிரைவர் பசங்க வாயை மூடிட்டு அதைப் பார்த்துட்டு இருப்பாங்க."

"அது பொய் இல்லையா சார்?"

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான். காண்ட்ராக்ட் வேணுமா வேணாமா?"

ஜூன் 11, புதன்

புழுக்கம். தலைவலி.

பண்ணிட்டேன். கடிகாரத்தைப் பார்த்து நகர்ற பார். உள்ள வேலை நடந்தாலும் நகரும், நடக்காட்டியும் நகரும். தொண்ணூத்தஞ்சுல போய் உட்காரும், அவர் ஓகே அழுத்தினா நூறு. எழுத ரொம்ப ஈசி. ச்சீ.

கேட்டுல டி.வி. பச்சைக் கலர் பட்டை. டிரைவருங்க மேட்ச் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க. "இன்னா மாமு, எழுவது வந்துட்ச்சு." "தோ, இன்னும் செத்த நேரம்." சண்டையே இல்ல. மே. என் மேஜைக்கு வந்து "பார்த்தியாம்மா?"ங்கறார். மூஞ்சில ஒண்ணு வைக்கலாம் போல இருந்துச்சு. அவருக்கு மட்டும் இல்ல, எனக்கும் சேர்த்து.

பருப்பு மறந்துட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வெயிலோ என்னமோ, பார்க்கல.

அண்ணன் லைன்ல நின்னிருக்கான். டி.வி.ல தொண்ணூத்தஞ்சைப் பார்த்துட்டு, தோ உள்ள போயிடலாம், கேன்டீன்ல சாப்ட்டுக்கலாம்னு ஊசி போட்டுக்கிட்டான். போட்டா உடனே சாப்பிடணும். பட்டை நகரல. வண்டியை விட்டு இறங்கவும் முடியாது, இடம் போயிடும். மே. சாப்பிடப் போயிட்டார்.

வேர்த்து ஊத்தி, கை நடுங்கி, ஸ்டியரிங் மேலயே சாய்ஞ்சுட்டான். பின்னாடி வண்டிக்காரர் ஹாரன் அடிச்சுப் பார்த்துட்டு, ஏறி வந்து வாயில கோலி சோடாவும் சர்க்கரையுமா ஊத்தியிருக்கார். அவர் நல்லா இருக்கணும். குமார் ஓடி வந்து சொன்னதும் நான் செருப்பில்லாம ஓடினேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அண்ணன் சொன்னது: "வேற எவனாவது போட்ருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீ போட்டதாச்சே பாப்பா."

பாத்ரூம்ல போய் அழுதேன். அழுகையா அது, ஆத்திரம். என் கையால எழுதின பொய், என் அண்ணன் கழுத்தைப் பிடிச்சிருக்கு.

மே. சாப்ட்டுட்டு வந்து: "என்ன கேட்டுல கூட்டம்?"

ஜூன் 13, வெள்ளி

காலையில லேசாத் தூறல்.

நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியில காட்டிட்டுக் கூட்டிட்டு வந்தேன், அண்ணனுக்கு இன்னிக்கு லீவு. கஞ்சி கொடுத்துட்டுச் சீக்கிரமே ஆபீஸ். கடிகார பாரைத் தூக்கிக் கடாசிட்டேன். நிஜ பாரையே டி.வி.க்குக் கொடுத்தேன். நகர்றது நகரும். நின்னா கீழ பெரிய எழுத்துல ஒரு வரி:

பாஸ் ரெடி. மேனேஜர் ஓகே அழுத்தணும். காத்திருக்கோம்.

பக்கத்துல எவ்ளோ நேரமாக் காத்திருக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அவ்ளோதான்.

கால் மணி நேரத்துல வந்து நின்னுச்சு. ஒருத்தர் சத்தமாப் படிச்சார். அப்புறம் ஒரு வண்டி ஹாரன். அடுத்தது. அப்புறம் லைன் பூரா. ஜன்னல் கண்ணாடி அதிருது. "யோவ் மேனேஜரு! ஒரு பட்டன் அமுக்கறதுக்கு இன்னாய்யா உனக்கு?"

மே. கேன்டீன்லேர்ந்து ஓடி வர்றார். கையெல்லாம் குழம்பு. இடது கையாலயே அழுத்தினார். நூறு.

அப்புறம் என்கிட்ட: "யாரைக் கேட்டுப் போட்ட? எடு அதை."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப திங்கக்கிழமையிலேர்ந்து வராத."

"வரல. சம்பளத்தை செட்டில் பண்ணுங்க. எங்க அண்ணன் ஆஸ்பத்திரி பில்லையும் சேர்த்து."

பயம் இல்லாம இல்ல. வாடகை இருக்கு, வேற வேலை கையில இல்ல. ஆனாலும் சொல்லிட்டேன்.

அவர் போனை எடுத்து கேட்டுக்குக் கத்தறார். "குமார்! அந்த டி.வி.யை ஆஃப் பண்ணு!"

ஸ்பீக்கர்ல குமார்: "ரிமோட்டு டிரைவருங்க கைல கீது சார். கேட்டா தரமாட்டேன்றாங்க."