மேடையில் வைத்த பெயர்

பழனி,
12.1.2026

அன்புத் தாயி வாகைச்செல்விக்கு,

அம்மா எழுதுவது. உன் ஹாஸ்டலில் போன் தரமாட்டார்களாம், அதனால்தான் கடிதம். கொடைக்கானலில் குளிர் எப்படி? ஸ்வெட்டர் போடு.

நான் கட்சி மாறியது தெரிந்திருக்கும். இந்த முறை சட்டசபை சீட் நிச்சயம் என்கிறார்கள். ஒரு சின்னச் சோலிதான் கெடக்கு. உன் பெயர் பழைய தலைவர் மேடையில் வைத்தது; இங்கே ஆளாளுக்குக் குத்திக் காட்டுகிறார்கள். 25ஆம் தேதி நம் தலைவர் பழனி வருகிறார். மேடையிலேயே உனக்குப் ‘புகழரசி’ என்று வைப்பார். கார் அனுப்புகிறேன். வெரசா கிளம்பி வா.

பாசமுள்ள அம்மா,
சண்முகவள்ளி


கொடைக்கானல்,
16.1.2026

எம்.எல்.ஏ. ஆகப்போகும் அம்மாவுக்கு,

குளிர் நலம். நானும் நலம்.

மெஸ் டிவியில் உங்கள் பேச்சைக் கேட்டேன். பழைய பேச்சேதான், தலைவர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். கண்ணீர்கூட அதே இடத்தில் வருகிறது. அடுத்து என் முறையா?

பழைய தலைவர் பெயர் வைத்தபோது அவர் வேட்டியை நனைத்தேனாம். நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். மூன்று மாதத்திலேயே எனக்கு அரசியல் கருத்து இருந்திருக்கிறது! இந்தப் பெயர் எனக்கும் பிடிக்காது. வகுப்பில் ‘வாக்குச்செல்வி’ என்கிறார்கள். ஆனாலும் பதினாறு வருஷமாக அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது நான். வரமாட்டேன்.

வாகைச்செல்வி


பழனி,
27.1.2026

தாயி,

முகமெல்லாம் சிவப்பு பெயிண்ட் புள்ளி வைத்து, “அம்மை போட்டிருக்கு, கிட்ட வராதீங்க அண்ணே”ன்னு டிரைவர் கந்தவேலை விரட்டினாயாமே! தலைவர் மைக்கிலேயே, “எங்கம்மா உங்க பொண்ணு?” என்று கேட்டார். நான் என்ன செய்ய? முன்வரிசையில் நின்ற நம் கட்சிக்காரர் பெரும்பாறை பொன்னுவேல் மகளை, என் மகள் என்று சொல்லி மேடையேற்றிவிட்டேன். உன் வயசுதான். அவளுக்கே பெயர் வைத்தாயிற்று. சீட்டும் கிடைத்தது.

வருத்தப்படாதே. யாராவது கேட்டால் நீ என் அக்கா மகள் என்று சொல்லிவை. தேர்தல் முடியும் வரைக்கும்தான்.

அம்மா


கொடைக்கானல்,
31.1.2026

அன்புள்ள சித்திக்கு,

அக்கா மகள் எழுதுவது. சீட்டுக்கு வாழ்த்துகள்.

லீவுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். தாண்டிக்குடியில் என் தோழி ஷர்மிளா வீட்டுக்குப் போகிறேன். தேர்தல் முடிந்தாலும் கார் அனுப்பாதீர்கள். பெயிண்ட் நிறைய மிச்சம் இருக்கிறது.

பேப்பரில் படம் பார்த்தேன். உங்கள் மகள் அழகு. நெற்றியில் விழுந்த முடியை அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடுகிறீர்கள். தலைவர் வேறு பக்கம் பார்க்கிறார், அப்போதும் ஒதுக்குகிறீர்கள்.

அது நடிப்பு என்றால் ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் பதில் வேண்டாம்.

வாகைச்செல்வி