வண்டி கிளம்பிவிட்டது

என் அருமை வீட்டுக்காரருக்கு,

நம் வேன் கிளம்பிவிட்டது! மெக்கானிக் அடுத்த மாதம்தான் வர முடியும் என்றார். அதுவரை உங்களை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவைக்க முடியுமா? இன்ஜின் சக்கரங்களை ஒன்றாகச் சுழற்றும் அந்தப் பல் வைத்த டைமிங் பெல்ட்டை நானே மாற்றிவிட்டேன்.

டார்ச் பிடித்தது யார் தெரியுமா? உங்கள் அம்மா! கல்யாணமானதிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொல்பவர், நேற்றும் ரேடியேட்டரைப் பார்த்துத்தான், "ஒரு பல் தப்பினாலும் இன்ஜினே போயிடுமாமே," என்றார்.

புது பெல்ட்டை மாட்டி, சக்கரங்களில் உள்ள குறிகள் நேருக்கு நேர் சேர்கின்றனவா என்று பார்க்க ஸ்பேனரால் இன்ஜினை மெல்லச் சுற்றினேன். என் இன்னொரு கை பெல்ட்டின் மேலேயே இருந்திருக்கிறது.

"ஏய், விரலை எடுடி!"

என்னிடம்தான்! வாயைப் பிளந்து அத்தையைப் பார்த்தேன்.

"என்ன பாக்குற? திருப்பு."

திருப்பினேன். குறிகள் கச்சிதமாகச் சேர்ந்தன. சாவியைத் திருகியதும் இன்ஜின் உறுமியது. அத்தை ஓடி வந்து, என் மேலிருந்த கிரீஸைக்கூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டார். இருவரும் கொஞ்சம் அழுதோம். அதை விடுங்கள்.

வெள்ளிக்கிழமை உங்களை அழைத்துவர இருவரும் வருகிறோம். முன் சீட் அத்தைக்கு. எங்களுக்குப் பேச நிறைய இருக்கிறது. நீங்கள் பின்னால் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் புது டிரைவர்