உன்னை நீக்கியவர்கள் உனக்கு மாலை போட்டார்கள்

என் பிரியமான சரவணா அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம், வாசலில் பேனர், மேடைக்கு முன்னால் மேஜையில் உன் படம், ரோஜா மாலை. நடத்தியது யார் தெரியுமா? குரூப்பை விட்டு உன்னை வெளியே தள்ளிய அதே அட்மின் கிஷோர்தான்.

ஆரம்பத்தில் அந்த ஆன்லைன் குரூப் எப்படி இருந்தது? வீட்டிலேயே மோட்டாரையும் சர்க்யூட் போர்டையும் பிரித்து மேய்கிற சில பேர். "போர்டு சூடாகுதுபா, என்ன பண்றது?" என்று ஒருவன் கேட்டால், முகம் தெரியாத இன்னொருவன் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பான். பிள்ளைகள் ஏறி விளையாடும் ஹோவர்போர்டின் சக்கரங்களை என் சக்கர நாற்காலியில் நீ பொருத்தியது அவர்கள் துணையோடுதான். அதை நான் மறுக்கவில்லை. யாரும் தள்ளாமல் காமாட்சி கோயில் வரை அன்று நான் தனியாகப் போனேன்.

அதை நீ வீடியோ எடுத்து குரூப்பில் போட்டாய். அதைப் பார்த்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். கிஷோர் உன் டிசைனைச் சுருக்கினான். ஜாய்ஸ்டிக் ஒயர் கழன்றால் வண்டி தானாக நிற்க நீ வைத்த பாகத்தையே எடுத்துவிட்டான். புதிதாக வருபவர்களுக்கு அது கஷ்டமாம். ஆபத்து என்று நீ திரும்பத் திரும்ப எழுதினாய். சிரிக்கிற பொம்மைகளைப் போட்டார்கள். கடைசியில், "நெகட்டிவா பேசுறவங்களுக்கு இங்க இடமில்ல" என்று உன்னை நீக்கினான்.

நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. "சின்னப் பையன், புரிஞ்சிக்குவான், விடுமா" என்றாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான் அண்ணா. ஏன் விட்டாய்? அடுத்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இனி அவன் புரிந்துகொண்டால் யாரிடம் வந்து சொல்வான்?

மண்டபத்தில் என்னிடம் மைக்கை நீட்டினான். "அண்ணனப் பத்தி நாலு வார்த்த பேசுங்கக்கா."

"அவர ஏன் குரூப்ல இருந்து தூக்கினன்னு நீ மொதல்ல சொல்லு."

"அக்கா, அஞ்சலி நடந்துக்கினு இருக்குது. இப்பப் போயி அதெல்லாம்..."

வாங்கிய மைக்கை நான் திருப்பித் தரவில்லை. அந்த ஒயர் விஷயத்தை முழுதாகச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வாலாஜாபாத்தாம், பெயர் புஷ்பா.

"குரூப்ல போட்டதப் பாத்துதான் எங்கப்பாவுக்கு வண்டி செஞ்சோம். ஒயர் கழண்டு, நிக்காம ஓடி பள்ளத்துல விழுந்துடுச்சு. இன்னும் ஆஸ்பத்திரில இருக்காரு. குரூப்ல கேட்டா, 'உங்கப்பாவுக்கு ஓட்டத் தெரியல'ன்னாங்க."

கிஷோர் என் கையிலிருந்த மைக்கின் ஸ்விட்சை அணைத்தான். நான் உன் படத்திலிருந்த மாலையைக் கழற்றி மேஜையில் போட்டேன். உன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அந்த டிசைனைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிஷோர் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். மன்னிப்பாகத்தான் இருக்கும். நான் திறக்கவில்லை.

ஏற்கெனவே அதைப் பார்த்து வண்டி செய்தவர்கள் எத்தனை ஊரில் இருக்கிறார்களோ? புஷ்பாவும் நானும் ஒவ்வொருவராகத் தேடிப் போன் செய்கிறோம். சிலர் நன்றி சொல்கிறார்கள். சிலர் பேச்சின் நடுவில் வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மறுபடி போன் அடிக்கிறேன்.

நீ விட்டுவிட்டாய். நான் விடமாட்டேன் அண்ணா. நிற்கத் தெரியாத வண்டி ஒன்று மிச்சம் இருக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பேன். கிஷோரை மன்னிக்கச் சொல்லி மட்டும் என் கனவில் வராதே.

உன் குணம் வராத தங்கை,
தேவகி