தொழில் என்ற கட்டத்தில்

இன்று மதியம் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து கணக்கெடுப்புப் படிவத்தை விரித்தேன். வெளுத்த பனியன் துணியின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அந்த வீட்டு அம்மா ஒரு கட்டுப் பனியனை மடியில் போட்டு, நூல் பிசிறுகளைக் கத்தரித்துக்கொண்டே பதில் சொன்னார். என்ன தொழில் என்று கேட்டேன். "சும்மாதானுங்க இருக்கேன்" என்றார். உன் ஞாபகம் வந்துவிட்டது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் மூன்று வருஷமாகிறது.

நாம் கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தபோது என் அப்பா உன்னிடம் கேட்டாரே, "இதப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று. "அரிசி வெலை ஏன் ஏறுதுன்னு தெரிஞ்சுக்குவமுங்க" என்றாய். "தெரிஞ்சுக்கிட்டா எறங்கீருமாக்கும்?" என்றார். சோமனூர் பஸ் வரும்வரை நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போது படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்களோ என்று நாளை எண்ணிக்கொண்டிருந்த காலம். பாடத்தைக்கூடப் பயந்து பயந்துதான் மனப்பாடம் செய்தேன்.

இரண்டாம் வருஷம் ஆளுக்குப் பத்து வீட்டில் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வரச் சொன்னார்கள். நீ நேராக எங்கள் வீட்டில் வந்து நின்றாய். அம்மா பிசிறு வெட்டுவதை நான் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன. அம்மாவும் இதே பதிலைத்தான் சொன்னார், சும்மா இருப்பதாக.

"ஏனுங்கம்மா, அப்ப கையில இருக்கறது என்னங்க?" என்றாய் நீ.

அம்மா என்னைப் பார்த்தார். வீடுகளுக்குத் துணி கொடுப்பது வெளியே தெரிந்தால் லேபர் இன்ஸ்பெக்டர் வருவார், அப்புறம் ஒரு கட்டுக்கூட வராது என்று பனியன் கம்பெனி ஆள் மிரட்டி வைத்திருந்தான். "எழுதாத புள்ள" என்று உன் கையைப் பிடித்தேன். "எழுதலீன்னா, நாளைக்குக் கூலி கேக்கறப்ப வேலையே செய்யலைம்பாங்க" என்றாய். சண்டை போட்டோம். கடைசியில் படிவத்தை என்னிடம் நீட்டினாய். என் அம்மாவின் பெயருக்கு நேரே, தொழில் கட்டத்தில், நானே 'இல்லை' என்று எழுதினேன். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தேன். ஏறும்போது, "பயந்தது தப்பில்ல புள்ள. எழுதுனது பொய்யின்னு மறந்துறாத" என்றாய்.

அந்தப் படிப்புதான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. அப்பா இப்போது என்னைக் கேட்காமல் வீட்டில் ஒன்றும் செய்வதில்லை. நீ பார்த்திருந்தால் கிண்டல் செய்தே கொன்றிருப்பாய். ஆனால் நிம்மதியைக் கெடுத்ததும் அதே படிப்புதான். படிக்காமல் இருந்திருந்தால், இன்று 'இல்லை' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

போகவில்லை. "இதுவும் தொழில்தானுங்க, எழுதட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சுருமுங்களா?"

படிவத்தில் கம்பெனி பெயரைக் கேட்பதில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்தச் சந்துக்குத் துணி கொடுப்பது ஒரே ஒரு கம்பெனி என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"படிச்சவங்க நீங்க. பாத்து எழுதுங்க அம்மணி" என்றார்.

என் அம்மாவிடம் நான் 'எழுதட்டுமா' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று எழுதிவிட்டேன்: பனியன் பிசிறு வெட்டுதல், காலை முதல் விளக்கு வைக்கும்வரை. சரியாகத்தான் செய்தேனா, சொல்லேன். திங்கட்கிழமைதான் அவருக்கு அடுத்த கட்டு வரும் நாளாம். அன்றைக்கு அந்தச் சந்து வழியாகத்தான் ஆபீசுக்குப் போகப் போகிறேன்.